தேய்ந்த கைப்பிடி

சென்ற ஆண்டு மாசி மாதம். அஸர் தொழுதுவிட்டு வந்து கடைக் கதவைத் திறந்துகொண்டிருந்தேன். வாடிப்பட்டியிலிருந்து ஒருவர் வந்து நின்றார். "பாய், நீங்க பழைய வீடியோ கேம் பெட்டியெல்லாம் பாப்பீங்கன்னு சொன்னாங்க" என்றார். யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. இன்வெர்ட்டரும் மிக்சியும் பழுதுபார்த்துக் காலம் தள்ளும் ஒருவனிடம், இருபது ஆண்டுகளுக்கும் முன்னர் கைவிட்ட தொழிலைப் பற்றி ஒருவர் வந்து பேசினால், அவனுக்குக் கேள்விகள் தோன்றுவதில்லை.

அவர் விலைக்கு வாங்கிய பழைய அரிசி ஆலையின் கிட்டங்கியில், கிழிந்த சாக்குகளுக்கு அடியில் அந்தப் பெட்டி கிடந்ததாம். செல்பேசியில் படம் எடுத்து வந்திருந்தார். ஆளுயரப் பலகைப் பெட்டி, நடுவே கண்ணாடி போர்த்திய படக்குழாய், அதன் கீழே இரண்டு கைப்பிடிகள், பக்கத்துக்கு மூன்று பட்டன்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் ஆட்டக்காரருக்கு உரிய கைப்பிடி நேராக நிற்கவில்லை. கழுத்துப் பிடித்த முதியவர் போல வலப்பக்கம் சற்றே சாய்ந்து நின்றது.

"ஸ்பிரிங் செத்திருக்கும். வலப்பக்கச் சுவிட்சும் போயிருக்கும்" என்றேன்.

"போட்டோவைப் பார்த்தே சொல்றீங்களே!" என்று அவர் வியந்தார். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அந்நாளைய ஆட்டங்களில் பெரும்பாலானவற்றில் வீரன் இடமிருந்து வலமாகவே நடப்பான். ஆகவே எந்த ஊர்ப் பெட்டியானாலும் முதலில் சாவது வலப்பக்கச் சுவிட்சுதான். ஆயினும் அந்தச் சாய்வைக் கண்டதும் என் நெஞ்சில் ஏதோ ஒன்று உறுத்தியது. அதற்குக் காரணம் வேறு. அதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

இப்பெட்டிகளைக் கண்டறியாத இளைய தலைமுறைக்குச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். 1972இல் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் 'பாங்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. திரையில் இரண்டு கோடுகள், அவற்றுக்கிடையே ஓடும் ஒரு புள்ளி, அவ்வளவே. முதல் பெட்டியைக் கலிபோர்னியாவில் ஒரு மதுக்கடையில் வைத்தார்கள். சில நாட்களிலேயே பெட்டி கெட்டுவிட்டதாகச் செய்தி வந்தது. அதை வடிவமைத்த ஆலன் ஆல்கார்ன் போய்த் திறந்து பார்த்தாராம். பழுது ஒன்றுமில்லை, உள்ளே காசுகள் நிரம்பி வழிந்து வழியை அடைத்திருந்தன. அந்த ஆட்டத்துக்குக் கைப்பிடி கிடையாது, வானொலியின் ஒலியைக் கூட்டிக் குறைப்பது போன்ற ஒரு குமிழ்தான். 1980இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 'பேக்-மேன்' என்னும் ஆட்டத்தைக் கொண்டுவந்தபோது, ஒற்றைக் கைப்பிடியை நான்கு திசைகளில் சாய்த்தாலே போதும் என்றாயிற்று. 1985இல் ஜப்பானிய உற்பத்தியாளர்கள் கூடி ஒரு பொது இணைப்பை வகுத்தார்கள். 56 முனைகள் கொண்ட அந்த இணைப்பு வந்த பிறகு, ஒரு பெட்டியின் மின்பலகையைக் கழற்றி வேறெந்தப் பெட்டியிலும் செருகலாம் என்ற வசதி பிறந்தது. நம்மூர்த் தச்சர் ஒட்டுப்பலகையில் அடித்த பெட்டிக்குள் ஜப்பானிய ஆட்டம் ஓடியதற்கு அந்த 56 முனைகளே காரணம்.

நான் முதன்முதலில் இத்தகைய பெட்டியைக் கண்டது தமுக்கம் மைதானத்துச் சித்திரைப் பொருட்காட்சியில். ராட்டினத்துக்கும் அப்பளக் கடைக்கும் நடுவில் ஒரு கூடாரம். அத்தா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அதைக் கடந்துவிட்டார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இப்பெட்டிகள் பொருட்காட்சியை விட்டு ஊருக்குள் குடியேறின. நாங்கள் இருந்த நெல்பேட்டையிலிருந்து கீழவாசலுக்குப் போகும் வழியில், ஒரு சந்துக்குள், தகரக் கதவு போட்ட கடை ஒன்றில் ஐந்து பெட்டிகள் இருந்தன. வெளியே சித்திரை வெயில் கொளுத்தும். உள்ளே ஐந்து படக்குழாய்களின் சூடும் முப்பது பையன்களின் மூச்சும் சேர்ந்து, வெயிலே மேல் என்று தோன்றும். ஒரு ரூபாய் கொடுத்தால் ஒரு பித்தளை வில்லை தருவார்கள், அதைப் போட்டால் ஓர் ஆட்டம்.

அந்த ஐந்தில் எப்போதும் கூட்டம் மொய்த்தது ஒரே பெட்டியில்தான். காப்காம் நிறுவனம் 1993இல் வெளியிட்ட 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்' என்பது அதன் இயற்பெயர். மார்க் ஷுல்ட்ஸ் என்ற அமெரிக்கர் வரைந்த சித்திரக்கதையைத் தழுவிய ஆட்டம். அந்தப் பெயரை எங்களில் ஒருவரும் உச்சரித்ததில்லை. மஞ்சள் தொப்பி அணிந்த ஒரு வீரன் அதில் உண்டு, பெயர் முஸ்தஃபா. நால்வரில் அவனே விரைவானவன். ஆகவே அது 'முஸ்தஃபா கேம்' ஆயிற்று. மதுரையில் மட்டுமன்று, வட இந்தியாவிலும் பாகிஸ்தானிலுங்கூட அந்த ஆட்டத்துக்கு அதுவே பெயர் என்பதைப் பிற்காலத்தில் அறிந்தேன். வெளிநாட்டுத் திரைகளில் நம் பெயர்கொண்டவன் வந்தால் பெரும்பாலும் வில்லனாகவே வருவான். இங்கே அவன் கதாநாயகர்களில் ஒருவன். நெல்பேட்டைப் பையன்களின் மார்பு விரிந்ததைக் கேட்கவா வேண்டும்! ஆனால் பெரியவர்களுக்கு அந்தப் பெயர் தெருவில் கூவப்படுவது பிடிக்கவில்லை. பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், பையன்கள் "முஸ்தஃபா காலி! முஸ்தஃபா காலி!" என்று கத்திக்கொண்டு ஓடுவதைப் பல நாள் கேட்டுவிட்டு, "யாரப்பா அந்தப் பிள்ளை, தினமும் மவுத்தாகிறானே?" என்று கவலையோடு விசாரித்தாராம். 1996இல் 'காதல் தேசம்' படத்துப் பாட்டு வந்த பிறகு அந்தப் பெயரைத் தெருவில் கூவுவது ஊர் முழுவதற்கும் பொதுவாகிவிட்டது.

நான் அந்தக் கடைக்குள் நுழைந்தது ஆடுவதற்காக அன்று, வேலைக்காக. என் மாமு டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் வானொலிப் பெட்டிகள் பழுதுபார்த்து வந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் அவரிடம் போய் ஈயம் உருக்கிப் பற்றவைக்கக் கற்றுக்கொண்டேன். வானொலிகள் குறைந்துவந்த காலம் அது. கேம் கடைக்காரர் மாமுவிடம் ஆள் கேட்டபோது, பதினைந்து வயதான என்னை அனுப்பிவைத்தார். அத்தாவுக்கு இது பிடிக்கவில்லை. "கழுதைகள் கத்துகிற இடத்தில் தொழிலா?" என்று மட்டும் சொன்னார்கள். தடுக்கவில்லை.

முதல் வாரத்திலேயே ஒரு பெட்டியைக் கெடுத்தேன். பேக்-மேன் வகையைச் சேர்ந்த பழைய பெட்டி அது. அதன் கைப்பிடியில் இக்காலத்துச் சுவிட்சுகள் இல்லை. இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் அருகருகே நிற்கும், சாய்த்தால் ஒன்றையொன்று தொடும், அவ்வளவுதான். தொடும் இடத்தில் அழுக்கு. மாமு தம்முடைய பஜாஜ் ஸ்கூட்டரின் பிளாட்டினம் பாயிண்ட்டை அரத்தால் தேய்ப்பதைப் பார்த்திருக்கிறேன் அல்லவா? அதே போல நானும் நன்றாகத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டேன். இரண்டு நாள் அருமையாக ஓடியது. மூன்றாம் நாள் முன்னைவிட மோசம்.

மாமு தகட்டைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "மாப்ளே, ஸ்கூட்டர் பாயிண்ட்ல நெருப்பு பறக்கும், கரி பிடிக்கும், அதுக்கு அரம் வேணும். இதுல ஓடுறது வெறும் அஞ்சு வோல்ட்டு. பொறியே கிடையாது, அழுக்கைத் தானா எரிச்சுக்கத் தெரியாது. அதனாலதான் முனையில தங்கம் பூசியிருக்கான். நீ தங்கத்தைச் சுரண்டிட்டே" என்றார். அடிக்கவில்லை. அலமாரியிலிருந்து ஒரு நிக்காஹ் அழைப்பிதழை எடுத்து, அதன் தடித்த அட்டையை விரலகலத்துக்கு நறுக்கி, ஸ்பிரிட்டில் நனைத்து, வேறொரு தகட்டின் நடுவே செருகி, இரண்டு முனைகளையும் மெல்ல அழுத்திப் பிடித்து இழுத்துக் காட்டினார். அட்டையில் கறுப்புக் கோடு விழுந்தது. அட்டை வெள்ளையாகவே வெளியே வரும்வரை இழுக்க வேண்டும். இன்றும் அந்த வேலைக்கு இதைவிடச் சிறந்த கருவியை நான் அறியேன். எங்கள் குடும்பத்துக் கல்யாணங்களின் மிச்ச அழைப்பிதழ்கள் அந்த ஆண்டு முழுவதும் அப்படித்தான் செலவாயின.

முஸ்தஃபா பெட்டியில் இருந்தவை நுண்சுவிட்சுகள். 1932இல் அமெரிக்காவின் பிரீபோர்ட் என்ற ஊரில் மெக்கால் என்பவர் கண்டுபிடித்த வகை. உள்ளே ஒரு மெல்லிய வில்தகடு உண்டு. மெதுவாக அழுத்தினாலும், ஓர் எல்லையைத் தாண்டியதும் அது 'டிக்' என்று தானே மறுபக்கம் பாய்ந்துவிடும். நம் விரலின் வேகம் எதுவாயினும் அதன் பாய்ச்சல் ஒரே வேகம். கைப்பிடியின் அடியில் இத்தகைய நான்கு சுவிட்சுகள் நாற்புறமும் நிற்கும். கைப்பிடி நடுவில் ஊசலாடுவதால், மேலே வலப்பக்கம் சாய்த்தால் அடிமுனை இடப்பக்கம் போய் அங்குள்ள சுவிட்சை அழுத்தும். ஆகவே இடப்பக்கச் சுவிட்சின் கம்பிதான் பலகைக்கு 'வலம்' என்று சொல்ல வேண்டும். புதிதாக வருகிறவன் இதை மாற்றிக் கொடுத்துவிட்டு, வீரன் பின்னோக்கி ஓடுவதைப் பார்த்து விழிப்பான். மேலே நான் 'வலப்பக்கச் சுவிட்சு' என்று சொன்னதும் வலம் போகச் சொல்லும் சுவிட்சைத்தான், இருக்கும் இடத்தை அன்று.

இந்தச் சுவிட்சுகள் எளிதில் சாவதில்லை, இலட்சக்கணக்கான அழுத்தங்களைத் தாங்குபவை. தேய்வது அவற்றை அழுத்தும் அடிமுனையும், கைப்பிடி ஊசலாடும் குழியும். வட்டமான குழி நாளடைவில் முட்டை வடிவமாகும். அடிமுனையின் தடிப்பு குறையும். இரண்டும் சேர்ந்தால், கைப்பிடியைப் பாதி தூரம் சாய்த்த பின்னும் 'டிக்' கேட்காது. மதுரையில் இந்தத் தேய்வுக்குத் துணைசெய்தவை பல. வெளிவீதிகளின் தூசி, வியர்வையின் உப்பு, பரோட்டா தின்ற கை, எல்லாவற்றுக்கும் மேலாக விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடித்துவிட்டு நேரே வந்து பிடிக்கும் கை. கடற்பாசியும் பாலும் சர்க்கரையும் கைப்பிடியின் கழுத்து வழியே இறங்கிக் காய்ந்துவிட்டால் அதைச் சுரண்டி எடுப்பதற்கு ஓர் உச்சிப்பொழுது போய்விடும்.

முஸ்தஃபாவை ஓடச் செய்ய வேண்டுமானால் கைப்பிடியை வலப்பக்கம் இரண்டு முறை விரைந்து தட்ட வேண்டும். டிக், டிக். ஓடி வந்து அவன் பாய்ந்து உதைக்கும் உதைதான் அந்த ஆட்டத்தின் உயிர். கைப்பிடி தேய்ந்திருந்தால் முதல் தட்டு கேட்கும், இரண்டாவது கேட்காது. முஸ்தஃபா ஓடாமல் நடப்பான். எதிரிகள் சூழ்ந்துகொள்வார்கள்.

1995ஆம் ஆண்டின் நடுவில் முதல் ஆட்டக்காரரின் கைப்பிடி இந்த நிலைக்கு வந்தது. நான் கடைக்காரரிடம் சொன்னேன். குழிக்கு ஒரு நைலான் வளையமும், அடிமுனைக்குப் பித்தளையில் கடைந்த ஒரு கழுத்தும் போட்டால் போதும், லேத்துப் பட்டறையில் சில ரூபாய் வேலை. அவர் கணக்கு நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "இருக்கட்டும் விடு. நல்லா ஆடுற பயலுக ஒரே காசுல ஒரு மணி நேரம் நிக்கிறானுக. இப்பத்தான் சீக்கிரம் செத்து அடுத்த காசு போடுறானுக" என்றார். அவர் கெட்ட மனிதர் அல்லர். வாடகை, மின்கட்டணம், பலகைக்குக் கொடுத்த வட்டி என்று அவருக்கும் பாரம் இருந்தது. நானும் விட்டுவிட்டேன்.

விட்டதோடு நில்லாமல், இன்னொன்றும் செய்தேன். கடை மூடிய பின் வேலைக்காரப் பையன்கள் இலவசமாக ஓர் ஆட்டம் ஆடலாம். அப்போதெல்லாம் நான் இரண்டாம் ஆட்டக்காரரின் இடத்திலேயே நின்றேன். அந்தக் கைப்பிடி நன்றாக இருந்தது. ஏன் எப்போதும் அங்கே நிற்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பக்கத்துப் புரோட்டாக் கடையில் மேசை துடைக்கும் ஒரு பையன் தினமும் மாலையில் வருவான். பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும். உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளை. கையில் ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ இருக்கும், அதற்கு மேல் இருந்து நான் பார்த்ததில்லை. தனியாக வருகிறவன் முதல் ஆட்டக்காரரின் இடத்தில்தான் நின்றாக வேண்டும். முஸ்தஃபாவைத் தேர்ந்தெடுப்பான். தட்டுவான். முஸ்தஃபா நடப்பான். இரண்டாம் கட்டத்தைக் கூடத் தாண்டாமல் ஆட்டம் முடிந்துவிடும். மற்றப் பையன்கள் பெட்டியை உதைப்பார்கள், திட்டுவார்கள். இவன் தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொள்வான். ஒரு நாள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "எனக்கு இந்தக் கை வரலண்ணே. அந்தண்ணனுக்கெல்லாம் என்னமா ஓடுது" என்றான். அவன் சுட்டிய அண்ணன் இரண்டாம் இடத்தில் நின்று ஆடிக்கொண்டிருந்தான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பழகப் பழக வரும்" என்றேன்.

ஒரு வியாழக்கிழமை மஃரிபுக்குப் பின் அத்தா என்னைத் தேடிக்கொண்டு கடைக்குள் வந்துவிட்டார்கள். வீட்டில் நன்னிமாவுக்கு உடல்நலமில்லை. நான் பின்புறம் ஒரு பெட்டிக்குள் தலையை விட்டிருந்தேன். வெளியே வந்து பார்த்தபோது, அத்தா அந்த இரைச்சலுக்கு நடுவில், தோளில் துண்டோடு, முஸ்தஃபா பெட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். புரோட்டாக் கடைப் பையன் ஆடிக்கொண்டிருந்தான். அத்தா திரையைப் பார்க்கவில்லை. பையனின் கையைப் பார்த்தார்கள், பிறகு திரையை, மறுபடியும் கையை.

அத்தா யார் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். நெல்பேட்டையில் பலசரக்குக் கடை. நாற்பது ஆண்டுகள் தராசு பிடித்த கை. காலையில் கடை திறந்ததும் முதல் வேலை, வெறும் தராசைத் தூக்கிப் பிடித்து முள் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பது. தட்டில் ஒட்டிய மாவைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்ப்பார்கள். தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் எடைக்கற்களைச் சோதித்து முத்திரை வைத்துப் போவது ஒரு பக்கம். அவர் வராத நாட்களிலும் இந்தச் சோதனை நின்றதில்லை. அளவில் குறைப்போரை எச்சரிக்கும் 83ஆவது அத்தியாயம் வாசகர்கள் அறிந்ததே. அத்தா அதை ஓதிக் காட்டி எங்களுக்கு உபதேசித்ததாக நினைவில்லை. தட்டைத் துடைப்பார்கள், அவ்வளவுதான்.

கடையை விட்டு வெளியே வந்ததும் கேட்டார்கள்: "அந்தப் பிள்ளையோட கை போகுது, படம் போகலியே. ஏன்?"

கேம் என்றால் என்னவென்றே அறியாதவர்கள் அவர்கள். ஆயினும் முள் அசையாத தராசைக் கண்டுகொண்டார்கள். "ஸ்டிக்கு தேஞ்சுபோச்சு அத்தா" என்றேன்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அவனுக்கு?"

நான் பதில் சொல்லவில்லை. அவர்களும் மறுமுறை கேட்கவில்லை. வீடு வரும்வரை ஒரு பேச்சும் இல்லை. ஏசியிருந்தால் எனக்கும் ஏதேனும் எதிர்ப்பேச்சு கிடைத்திருக்கும். விளையாட்டுத்தானே, ஒரு ரூபாய்தானே, கடைக்காரர் சொன்னதைத்தானே செய்தேன் என்று எத்தனையோ.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. ஒரு யோசனை தோன்றியது. அந்த மின்பலகைகளில் சில அமைப்புகள் உண்டு. அவற்றை மாற்றி ஆட்டத்தை எளிதாக்கலாம், கடினமாக்கலாம். செய்த கம்பெனியே கடைக்காரருக்குக் கொடுத்திருக்கும் வழி அது. எதிரிகள் வலுப்பெறுவார்கள், ஆட்டம் விரைவில் முடியும், ஆனால் கை சொன்னதைத் திரை கேட்கும். கடினமாக்குவது வேறு, காதில் விழாதது போல் நடிப்பது வேறு. அரிசியின் விலையை ஏற்றி விற்பவனிடம் வாங்காமல் போய்விடலாம், எடையில் குறைப்பவனிடம் அப்படிப் போக வழியில்லை, ஏனெனில் குறைந்தது தெரியவே தெரியாது. இந்த வேறுபாடு எனக்கு அன்று இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததென்று சொன்னால் பொய். இப்போது சொல்ல வருகிறது.

மறுவாரம் கடைக்காரர் ஊரில் இல்லாத நாளில், என் கைக்காசில் லேத்துப் பட்டறையில் பித்தளைக் கழுத்தைக் கடைந்து வாங்கினேன். அரை மில்லிமீட்டர்த் தடிப்பு இருக்கும். இரவு கடை மூடிய பின் கைப்பிடியைக் கழற்றினேன். அடியில் இருக்கும் பிளந்த வளையத்தைத் திருப்புளியால் நெம்பும்போது அது தெறித்து எங்கோ பறந்துவிடும். அன்றும் பறந்தது. டார்ச் விளக்கோடு தரையில் தவழ்ந்து அரை மணி நேரம் தேடினேன். நைலான் வளையம், புதிய ஸ்பிரிங், சிறிது கிரீஸ். பலகையில் கடினத்தை ஒரு படி ஏற்றினேன். டிக், டிக். முஸ்தஃபா ஓடினான்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் புரோட்டாக் கடைப் பையனை எதிர்பார்த்து நின்றேன். வரவில்லை. கடையில் விசாரித்தேன். முந்தின வாரமே ஊருக்குப் போய்விட்டானாம், திரும்ப வருவதாகத் தெரியவில்லை என்றார் பட்டறைக்காரர்.

கடைக்காரர் பழுது நீங்கியதை இரண்டு வாரம் கழித்துத்தான் கவனித்தார். வசூலில் பெரிய மாற்றம் இல்லையாம். ஆனாலும் சொல்லாமல் செய்தது அவருக்குப் பொறுக்கவில்லை. அடுத்த மாதம் முதல் வர வேண்டாம் என்றார். பிறகு சில ஆண்டுகள் திருமங்கலம், மேலூர் என்று வேறு கடைகளின் பெட்டிகளைப் பார்த்து வந்தேன். 1997இல் இத்தாலியைச் சேர்ந்த நிக்கோலா சால்மோரியா என்பவர், பழைய பெட்டிகளின் ஆட்டங்களைக் கணினியிலேயே ஓடச் செய்யும் மென்பொருளை வெளியிட்டார். நம்மூரில் பிரவுசிங் சென்டர்கள் பெருகியபோது முஸ்தஃபாவும் அங்கே குடியேறினான். விசைப்பலகையில் ஆடுகிறவனுக்குக் கைப்பிடி எதற்கு? பெட்டிகள் விறகாயின. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012இல் பேக்-மேனைத் தன் சேகரத்தில் சேர்த்துக்கொண்டது என்று படித்தபோது, அரம் போட்டு நான் கெடுத்த அந்தத் தகட்டை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

வாடிப்பட்டிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். அறுப்பு முடிந்த வயல்களில் ஆடுகள் மேய்ந்தன. ஆலைக்குள் உமி வாடை இன்னும் போகவில்லை. பெட்டியின் பின்பலகையைக் கழற்றியதும் எலிக்கூடு. கம்பிகளில் பாதியை எலி தின்றிருந்தது. எல்லாச் சுவிட்சுகளுக்கும் பொதுவான ஒரு கம்பி, ஒன்றிலிருந்து ஒன்றாகக் கோத்துச் செல்வது, மூன்று இடங்களில் அறுந்திருந்தது. அது ஓரிடத்தில் அறுந்தாலே அதற்கப்பால் உள்ள பட்டன்கள் எல்லாம் ஊமையாகிவிடும். அனுபவமில்லாதவர் ஒவ்வொரு பட்டனாக மாற்றிப் பணத்தைக் கரைப்பார். படக்குழாயின் பலகையில் உப்பிப்போன கெப்பாசிட்டர்களை மாற்றினேன். ஆட்டப் பலகை ஏதோ ஓர் ஊரில் அச்சிட்ட நகல். ஆனால் உயிரோடிருந்தது.

கைப்பிடியைக் கையில் எடுத்தபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அடிமுனையில் பித்தளைக் கழுத்து இருக்கிறதா என்று முதலில் தேடினேன். இல்லை. அது வேறு ஏதோ ஊர்க் கடையின் பெட்டி. குழி வழக்கம்போல வலப்பக்கம் முட்டையாகியிருந்தது. உருண்டைப் பிடியின் சிவப்புச் சாயம், பெருவிரல் படும் இடத்தில் மட்டும் போய் வெளுத்திருந்தது.

உரிமையாளர், ஜப்பானியக் கைப்பிடி புதிதாகவே கிடைக்கிறதே, அதைப் போட்டுவிடலாமே என்றார். போடலாம், நல்ல பொருள்தான். ஆனால் அவருக்கு வேண்டியது பழைய பெட்டி. ஆகவே வெளியே தெரியும் தண்டையும் உருண்டையையும் அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே தேய்ந்ததை மட்டும் மாற்றினேன். சுவிட்சுகள் நான்கும் புதியவை. அடிமுனைக்கு இப்போது பித்தளை தேவையில்லை, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் குழல் வந்துவிட்டது, ஒரு துண்டு போட்டால் தடிப்பு ஏறிவிடும். இரண்டாம் ஆட்டக்காரரின் கைப்பிடி நன்றாகவே இருந்தது. அதையும் கழற்றி, அதே வளையம், அதே ஸ்பிரிங், அதே குழல் போட்டேன். "அதுதான் நல்லாயிருக்கே, எதுக்கு வீண் செலவு?" என்றார். அதற்குக் காசு வேண்டாம் என்றேன்.

மீட்டரை வைத்து எட்டுத் திசைகளையும் இரண்டு பக்கமும் சோதித்த பிறகு மின்சாரம் கொடுத்தேன். இரைச்சலோடு திரை விழித்தது. முதல் ஆட்டக்காரரின் இடத்தில் நின்று மஞ்சள் தொப்பியைத் தேர்ந்தெடுத்தேன். டிக், டிக். ஓடினான்.

உரிமையாளரின் மகன், பத்து வயதுப் பையன், அதுவரை கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன், ஓடி வந்தான். "அங்கிள், எந்த ஸ்டிக் நல்லா இருக்கும்?"

"ரெண்டும் ஒண்ணுதான் தம்பி."

என்னை நகர்த்திவிட்டு முதல் இடத்திலேயே நின்றான். செல்பேசித் திரையைத் தடவிப் பழகிய கை. கைப்பிடியைப் பிடித்துத் திருகினான், இழுத்தான், இரண்டு பட்டன்களையும் ஒருசேரக் குத்தினான். மூன்று நிமிடத்தில் முஸ்தஃபா காலி. பையன் திரும்பி என்னை முறைத்தான்.

"ஸ்டிக் சரியில்ல" என்றான்.

அவன் அப்பா அவனை அதட்டினார். நான் அவரைக் கையமர்த்திவிட்டு, மீட்டரை எடுத்துக்கொண்டு மறுபடியும் பெட்டியின் பின்புறம் போனேன்.